நடுப்புள்ளி தப்பாக வருகிறதா? விடையை வைத்தே பிழையைப் பிடிக்கும் வழி

இரண்டு புள்ளிகளுக்கு நடுப்புள்ளி காண்பது ஒரு வரிக் கணக்கு. இரண்டு எக்ஸ் ஆயத்தொலைவுகளையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும், இரண்டு ஒய்களையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும், அவ்வளவுதான். இவ்வளவு சின்னக் கணக்கு தப்பாகும்போது பலரும் செய்வது, அதே வழியில் மறுபடியும் மேலிருந்து போட்டுப் பார்ப்பது. சறுக்கிய இடத்திலேயே மறுபடி சறுக்கி, அதே விடை திரும்ப வரும். அப்புறம் 'ரெண்டு தடவை போட்டாச்சு, புத்தகத்தில்தான் அச்சுப் பிழை' என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதைவிட, வந்திருக்கும் தப்பு விடையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். ஒவ்வொரு பிழையும் விடையை ஒவ்வொரு விதமாக இழுத்துவிடும், எந்தப் பக்கம் இழுத்திருக்கிறது என்று பார்த்தாலே எங்கே தவறியது என்று தெரிந்துவிடும்.

அதற்கு முன், விடை தப்பா சரியா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? முதல் புள்ளியிலிருந்து விடைக்கு எக்ஸ் எவ்வளவு நகர்ந்திருக்கிறது, விடையிலிருந்து இரண்டாம் புள்ளிக்கு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டு நகர்வும் குறியோடு சேர்த்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒய்க்கும் இப்படியே. (2, 3), (8, 7) என்ற புள்ளிகளுக்கு விடை (5, 5) என்றால், எக்ஸில் +3, அப்புறம் இன்னொரு +3. ஒய்யில் +2, +2. சரி. இதை நகர்வுச் சோதனை என்று வைத்துக்கொள்வோம், கீழே அடிக்கடி வரும்.

'விடை நடுவில்தானே இருக்கிறது' என்று கண்ணளவில் பார்ப்பது போதாது, ஏன் என்று கீழே உதாரணங்களே சொல்லும். தொலைவு சூத்திரம் போட்டு இரண்டு பக்கமும் சமமா என்று பார்ப்பதும் முழுச் சோதனை இல்லை. (0, 0), (6, 0) என்ற புள்ளிகளுக்கு (3, 4) என்ற புள்ளி இரண்டு பக்கமும் சரியாக 5 அலகு தள்ளி இருக்கிறது. ஆனால் அது கோட்டிலேயே இல்லை. மையக்குத்துக்கோட்டில் (இரண்டு புள்ளிகளின் நடுவில் செங்குத்தாகப் போகும் கோடு) உள்ள எந்தப் புள்ளியும் இந்தத் தொலைவுச் சோதனையில் தேறிவிடும். வர்க்கமூலம் எல்லாம் எடுத்து இவ்வளவு சிரமப்பட்டும் ஓட்டை இருக்கிற சோதனை அது.

விடை இரண்டு புள்ளிகளுக்கும் வெளியே போய் விழுகிறது

அதிகமாகப் பார்க்கக் கிடைப்பது இதுதான். (2, 3), (8, 7) கொடுத்தால் (3, 2) என்று வரும். எக்ஸ் 3 என்பது 2க்கும் 8க்கும் இடையில் இருப்பதால் சந்தேகம் வராது, ஆனால் ஒய்யைப் பாருங்கள், 3க்கும் 7க்கும் இடையில் 2 எப்படி வரும்? இங்கே கூட்டுவதற்குப் பதில் கழித்திருக்கிறார்கள்: 8 − 2 = 6, பாதி 3; 7 − 3 = 4, பாதி 2.

இது கவனக்குறைவு என்று திட்டுவதில் அர்த்தமில்லை. சாய்வு சூத்திரத்தில் கழித்தல், தொலைவு சூத்திரத்தில் கழித்தல், இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கற்றுக்கொடுக்கப்படுகின்றன, அதனால் இரண்டு புள்ளிகளைப் பார்த்ததும் கை தானாகக் கழிக்கப் போகிறது. அந்த இரண்டிலும் கேள்வி 'எவ்வளவு வித்தியாசம்' என்பது, இங்கே கேள்வி 'எந்த இடம்' என்பது. இதை எண்களிலேயே பார்க்கலாம். இரண்டு புள்ளிகளையும் அப்படியே 100 தள்ளி (102, 103), (108, 107) என்று வையுங்கள். நடுப்புள்ளியும் கூடவே 100 தள்ளிப் போக வேண்டும். கழித்துப் போட்டால் விடை மறுபடியும் (3, 2) என்றே வரும், புள்ளிகள் எங்கே போனாலும் அசையாது.

கழித்துவிட்டீர்கள் என்று பாதியில் தெரிந்தால் அடித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதில்லை. வித்தியாசத்தில் பாதியை முதல் புள்ளியோடு கூட்டினால் போதும்: 2 + 3 = 5, 3 + 2 = 5. இதுவும் முறையான வழிதான், சிலருக்கு இதுவே நன்றாகப் புரிகிறது, கணினியில் சில இடங்களில் இதுதான் நல்லதும்கூட.

ஒரு புள்ளி ஆதிப்புள்ளியாக இருந்தால் மட்டும் இந்தப் பிழை தெரியாமல் ஒளிந்துகொள்ளும். (0, 0), (6, 4) என்றால் கூட்டினாலும் கழித்தாலும் (3, 2). முதல் உதாரணமாக ஆதிப்புள்ளியை வைத்துப் பாடம் நடத்துவது எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம்: தப்பான வழியும் சரியான விடை தந்துவிடும், அதுவே பழகியும் விடும்.

(2, 3), (8, 7) கணக்கில் விடை வெளியே போவது மட்டுமல்லாமல் (10, 10) மாதிரி ரொம்ப தூரம் போயிருந்தால் அது வேறு, பாதியாக்க மறந்திருக்கிறீர்கள். ஒரு ஆயத்தொலைவுக்கு மட்டும் மறப்பதும் உண்டு, (5, 10) என்று வரும்.

மைனஸ் எண் இருந்தால்தான் தப்பாகிறது

இதில் இரண்டு வகை. (−3, 5), (7, −1) என்ற புள்ளிகளை எடுத்துக்கொள்வோம். சரியான நடுப்புள்ளி (2, 2). உங்களுக்கு (5, 3) வந்திருந்தால் மைனஸ் குறியை எழுதும்போதே விட்டுவிட்டீர்கள், 3 + 7, 5 + 1 என்று போட்டிருக்கிறீர்கள். கவனித்துப் பாருங்கள், 5 என்பது −3க்கும் 7க்கும் இடையில்தான் இருக்கிறது, ஒய் 3ம் −1க்கும் 5க்கும் இடையில்தான் இருக்கிறது. கண்ணளவில் பார்த்தால் தேறிவிடும். நகர்வுச் சோதனையில் தேறாது: −3 இலிருந்து 5க்கு +8, 5 இலிருந்து 7க்கு வெறும் +2.

இரண்டாவது வகை இரண்டு எண்ணும் மைனஸாக இருக்கும்போது வருவது. (−4, −9), (−10, −1) கொடுத்தால் (7, 5) என்று விடை வரும். இரண்டு புள்ளிகளும் மூன்றாம் கால்பகுதியில் இருக்க, நடுப்புள்ளி மட்டும் முதல் கால்பகுதிக்கு எப்படிப் போகும்? 'மைனஸும் மைனஸும் சேர்ந்தால் பிளஸ்' என்று மனதில் பதிந்த வரிதான் இங்கே வேலை செய்திருக்கிறது. அது பெருக்கலுக்கான விதி. கூட்டும்போது −4, −10 இரண்டும் சேர்ந்து −14 ஆகும், பாதி −7. ஒய்யில் −9, −1 சேர்ந்து −10, பாதி −5. சரியான விடை (−7, −5). 'சேர்ந்தால்' என்ற சொல்லே கூட்டலைத்தான் நினைவுபடுத்துகிறது என்பதால் அந்த வரியை 'பெருக்கினால்' என்று மாற்றிச் சொல்லிப் பழகுவது உத்தமம்.

எழுதும்போது குறை எண்ணை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டால் இந்த இரண்டு வகையுமே பெரும்பாலும் வராது: ((−4) + (−10)) ÷ 2. இந்தச் சின்ன உழைப்பை மிச்சப்படுத்தப் போய்த்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

கையால் போட்டால் சரி, கால்குலேட்டரில் தப்பு

கூட்டலைச் சுற்றி அடைப்புக்குறி போடவில்லை. 6 + 10 ÷ 2 என்று தட்டினால் பல கால்குலேட்டர்கள் முதலில் வகுத்துவிட்டு 11 என்று காட்டும். 11 வெளியே இருப்பதால் மாட்டிக்கொள்ளும். ஆனால் 2 + 10 ÷ 2 என்பது 7 தரும், அது 2க்கும் 10க்கும் இடையில் அழகாக உட்கார்ந்திருக்கும், சரியான விடை 6 என்று யாருக்கும் தோன்றாது. ஸ்ப்ரெட்ஷீட்டில் சூத்திரம் எழுதும்போதும் இதேதான். அங்கே சராசரி காணும் செயல்பாடு தயாராக இருக்கிறது, அதைப் பயன்படுத்திவிட்டால் அடைப்புக்குறித் தொல்லையே இல்லை. ஆனால் கட்டம் காலியாக இருந்தால் அது அந்தக் கட்டத்தைக் கணக்கிலேயே சேர்க்காது, பூஜ்யம் என்றால் 0 என்று எழுதியே ஆக வேண்டும்.

புள்ளிகள் ஒரே நேர்குத்துக் கோட்டில் இருக்கின்றன, நடுப்புள்ளி விலகி நிற்கிறது

(4, 1), (4, 9) என்ற இரண்டுக்கும் எக்ஸ் 4. நடுவில் இருக்கும் புள்ளிக்கும் எக்ஸ் 4 ஆகத்தான் இருக்க முடியும், விடை (4, 5). உங்களுக்கு (2.5, 6.5) வந்தால், ஒரே புள்ளியின் எக்ஸையும் ஒய்யையும் கூட்டியிருக்கிறீர்கள்: 4 + 1 பாதி 2.5, 4 + 9 பாதி 6.5. புள்ளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதும்போது கண் இடமிருந்து வலமாகப் போய், முதல் அடைப்புக்குறிக்குள் இருப்பதை முதலில் முடித்துவிடுகிறது. ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள், கூட்ட வேண்டியவை தானாக ஒரே நெடுவரிசையில் வந்துவிடும்.

உங்களுக்கு இந்தப் பழக்கம் இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தால், இப்படி ஒரு ஆயத்தொலைவு சமமாக உள்ள இரண்டு புள்ளிகளைப் போட்டுப் பாருங்கள். சமமாக இருந்தது விடையிலும் அப்படியே வர வேண்டும், வரவில்லை என்றால் கலந்துவிட்டீர்கள்.

விடையில் .5 வருகிறது

தப்பே இல்லை. (1, 2), (4, 7) என்றால் (2.5, 4.5) தான் விடை. கூட்டுத்தொகை ஒற்றைப்படையாக இருந்தால் அரை வந்தே தீரும். அதை முழு எண்ணாக்கி (3, 5) என்று எழுதுவதுதான் தப்பு. சிலர் ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயும் முழுமையாக்கி வைப்பார்கள், வேண்டாம்.

ஆயத்தொலைவே பின்னமாக இருந்தால் கதை வேறு. 1/2, 2/3 இரண்டின் நடு என்ன? மேலே 1 + 2, கீழே 2 + 3, ஆக 3/5 என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள், அதில் குறும்பு என்னவென்றால் 3/5 உண்மையிலேயே இரண்டுக்கும் இடையில்தான் இருக்கும். எந்த இரண்டு மிகைப் பின்னங்களுக்கும் இப்படி மேலோடு மேலும் கீழோடு கீழும் கூட்டினால் வருவது இடையில்தான் விழும், ஆனால் கீழ் எண்கள் வேறு வேறாக இருந்தால் நட்ட நடுவில் இருக்காது என்பதுதான் பிரச்சினை. சரியாகப் போட்டால் 3/6 + 4/6 = 7/6, பாதி 7/12. தசமத்தில் 0.6 எங்கே, 0.583 எங்கே. வர்க்கமூலம் வந்தாலும் இதே எச்சரிக்கை: √2, √8 இரண்டையும் கூட்டினால் √10 ஆகாது. √8 என்பது 2√2, எனவே கூட்டுத்தொகை 3√2, நடு 3√2/2.

நடுப்புள்ளியைக் கொடுத்து மறுமுனையைக் கேட்டால் தப்பாகிறது

ஒரு முனை (−3, 6), நடுப்புள்ளி (1, 4), மறுமுனை என்ன? விடை (−1, 5) என்று வந்தால், கொடுத்த இரண்டுக்கும் மறுபடி நடுப்புள்ளி கண்டிருக்கிறீர்கள். கேள்வியில் 'நடுப்புள்ளி' என்ற சொல்லைப் பார்த்ததுமே சூத்திரத்தில் போட்டுவிடுவதால் வருவது. மறுமுனை நடுப்புள்ளியைத் தாண்டி அந்தப் பக்கம் இருக்க வேண்டும். நகர்வை வைத்தே போடலாம்: எக்ஸில் −3 இலிருந்து 1க்கு +4, இன்னொரு +4 போனால் 5. ஒய்யில் 6 இலிருந்து 4க்கு −2, இன்னொரு −2 போனால் 2. ஆக (5, 2). நடுப்புள்ளியை இரட்டித்து முனையைக் கழிப்பதும் இதேதான். அந்த வழியில் போனால் முனையை இரட்டித்து நடுப்புள்ளியைக் கழித்துவிடும் அபாயம் இருக்கிறது, அப்போது (−7, 8) என்று எதிர்ப்பக்கம் போய்விடும்.

நடுப்புள்ளி சரி, ஆனால் கணக்கு தப்பு

சூத்திரம் சரியாகவே போட்டும் விடை பொருந்தவில்லை என்றால், கேட்டது நடுப்புள்ளியே இல்லாமல் இருக்கலாம். இணைகரத்தின் நான்காவது முனையைக் காணும் கணக்கு இதற்கு நல்ல உதாரணம். ஏ (1, 2), பி (5, 3), சி (7, 7), டி என்ன? மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று பாதியாக வெட்டும் என்பதால் ஏசியின் நடுவும் பிடியின் நடுவும் ஒன்று. ஏசியின் நடு (4, 4.5), எனவே டி (3, 6). இங்கே பலர் ஏபியை மூலைவிட்டமாக எடுத்துவிடுகிறார்கள். பெயர்கள் சுற்றி வரும் வரிசையில் இருக்கின்றன, ஏபி என்பது பக்கம், ஒன்றை விட்டு ஒன்று சேர்த்தால்தான் மூலைவிட்டம். ஒரு சின்னப் படம் கிறுக்கிக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது.

கோட்டை மூன்று சம பாகமாகப் பிரிக்கச் சொன்னால் நடுப்புள்ளி உதவாது. நான்கு பாகம் என்றால் நடுப்புள்ளிக்கு நடுப்புள்ளி கண்டு போகலாம், எட்டு என்றாலும் போகலாம். ஆனால் எத்தனை முறை பாதியாக்கினாலும் மூன்றில் ஒரு பாகத்தில் சரியாகப் போய் நிற்காது. (0, 3), (12, 9) என்றால் மூன்றில் ஒரு பங்கு நகர்வு +4, +2. புள்ளிகள் (4, 5), (8, 7). முக்கோணத்தின் நடுக்கோட்டு மையமும் இப்படித்தான், மூன்று முனைகளையும் கூட்டி மூன்றால் வகுக்க வேண்டும், இரண்டு முனைகளின் நடுவைக் கண்டு அதற்கும் மூன்றாவது முனைக்கும் நடுவைக் கண்டால் வராது.

வரைபடத்தாளில் குறித்தால் கோட்டை விட்டு விலகி நிற்கிறது

கணக்கு சரியாக இருந்தால், குறிக்கும்போது எக்ஸையும் ஒய்யையும் மாற்றிக் குறித்திருப்பீர்கள், மூன்று புள்ளிகளில் ஒன்றை மட்டும் மாற்றினால்கூடப் போதும். 'இரண்டு அச்சுக்கும் அளவுத்திட்டம் வேறு, அதனால்தான் விலகுகிறது' என்று சொல்வதுண்டு, அது காரணமாகாது. எக்ஸ் அச்சில் ஒரு கட்டம் 1, ஒய் அச்சில் ஒரு கட்டம் 50 என்று வைத்தாலும் நடுப்புள்ளி தாளில் நடுவில்தான் விழும். நீட்டினாலும் சுருக்கினாலும் கெடாத குணம் அது (செங்கோணம் அப்படி இல்லை, உடனே கோணலாகத் தெரியும்). மடக்கை அளவுத்திட்டத்தில் (சம தூரத்துக்கு எண் சம மடங்காகப் பெருகுவது) வரைந்திருந்தால் மட்டும் கெடும்: அங்கே 10க்கும் 1000க்கும் நடுவில் கண்ணுக்குத் தெரிவது 100, கூட்டிப் பாதியாக்கினால் வருவது 505.

கணினியில் எழுதினால் விசித்திரமான எண் வருகிறது

2, 6 கொடுத்தேன், 13 வருகிறது என்றால் ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதியிருக்கிறீர்கள் என்று பந்தயமே கட்டலாம். உள்ளீட்டுப் பெட்டியிலிருந்து வருவது எண் இல்லை, எழுத்து. '2' உடன் '6' ஒட்டி '26' ஆகி, அதை இரண்டால் வகுக்கும்போது மட்டும் எண்ணாக மாறி 13 ஆகிவிடுகிறது. கூட்டுவதற்கு முன்பே எண்ணாக மாற்றிவிடுங்கள்.

அரை காணாமல் போனால் முழு எண் வகுத்தல். ஜாவா, சி போன்ற மொழிகளில் 5 / 2 என்பது 2. 2.0 என்று எழுதினால் சரியாகிவிடும். பைத்தானில் ஒற்றைச் சாய்கோடு தசமம் தரும், இரட்டைச் சாய்கோடு கீழ்நோக்கி முழுமையாக்கும். அதனால் −3ஐ இரண்டால் வகுத்தால் பைத்தானின் இரட்டைச் சாய்கோட்டில் −2, ஜாவாவில் −1. ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு நிரலை மாற்றியதும் குறை எண் பக்கம் மட்டும் ஒரு அலகு நகர்ந்திருந்தால் இங்கே பாருங்கள்.

இரண்டு மிகை எண்களுக்கு நடுவில் குறை எண் வருகிறதா? 32 பிட் முழு எண்ணின் உச்சம் 2147483647. 1500000000, 1000000000 இரண்டையும் கூட்டினால் அதைத் தாண்டி, மறுபக்கம் சுற்றிவந்து, நடு −897483648 என்று நிற்கும். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே, இருமத் தேடலில் (வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாக்கித் தேடும் முறை) நடுவைக் காணும் வரியில், இந்தப் பிழை பல ஆண்டுகள் யாரும் கவனிக்காமல் இருந்தது, 2006இல்தான் பரவலாகப் பேசப்பட்டது. தீர்வு, வித்தியாசத்தில் பாதியை முதல் எண்ணோடு கூட்டும் அந்த வழிதான்.

திரையில் பெட்டியின் மையம் தப்பாக வந்தால், பெட்டி எப்படிக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இடது ஓரம் 100, அகலம் 40 என்றால் மையம் 120. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 70, பெட்டிக்கே வெளியே. அகலம் என்பது நீளம், புள்ளி இல்லை. ஒய் அச்சு திரையில் கீழ்நோக்கி வளர்வதை நினைத்து இங்கே குழம்ப வேண்டாம், அது நடுப்புள்ளியைப் பாதிக்காது.

அட்சரேகை, தீர்க்கரேகையை இந்தச் சூத்திரத்தில் போட்டால் அது வேறு சிக்கல். கிழக்கு 170 டிகிரி, மேற்கு 170 டிகிரி (அதாவது −170) இரண்டுக்கும் சராசரி 0, பூமிப்பந்தின் நேர் எதிர்ப்பக்கம், நடு இருப்பதோ 180 டிகிரியில். அந்த 180 டிகிரிக் கோட்டைத் தாண்டாவிட்டாலும் வளைவு சும்மா விடாது: 60 டிகிரி வடக்கில், தீர்க்கம் 0, 90 என்று இரண்டு இடங்கள் இருந்தால் சராசரி அட்சம் 60 என்று சொல்லும், குறுகிய பாதையின் உண்மையான நடு ஏறக்குறைய 67.8 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஒரே ஊருக்குள் இருக்கும் இரண்டு இடங்களுக்குச் சராசரியே போதும். கண்டம் விட்டுக் கண்டம் என்றால் இரண்டு இடங்களையும் முப்பரிமாணத் திசையன்களாக மாற்றி, கூட்டி, அந்தத் திசையை மறுபடி அட்ச தீர்க்கமாக்க வேண்டும், இரண்டும் பூமியின் நேர் எதிர் எதிர்ப் புள்ளிகளாக இருந்தால் கூட்டுத்தொகை பூஜ்யமாகி, ஒரே ஒரு நடு என்பதே இருக்காது.